இரண்டிலிருந்து நான்கு வரை

அத்தியாயம் 14

காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். கட்டிலின் வலது பக்கத்தில்தான் இன்னும் படுக்கிறேன். இடது பக்கத்துப் போர்வை மடித்தபடியே இருக்கிறது.

பல் தேய்த்தேன். சவரம் செய்தேன். மோவாயில் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டேன், வலிக்கவில்லை. கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கருவிப் பையைத் திறந்து பார்த்தேன். ஸ்பேனர்கள், டெஸ்டர், டார்ச், கையுறை, லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி. எல்லாம் இருந்தன. டீ போட்டேன். மூன்று டம்ளர். நான்கு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கும் பழக்கம் போன வாரத்தோடு நின்றுவிட்டது.

சாப்பாட்டு மேசையில் அத்தை அந்த சார்ட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். டம்ளரை அதன் மேல் வைக்காமல் ஓரமாக வைத்தேன்.

பொடியன் குளித்துவிட்டு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தான். என் மனைவியின் தம்பி. ஆறடி உயரம், இருபத்துநாலு வயது, வீட்டில் இன்னும் பொடியன்தான். தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. அவனுடைய சாக்கு மூட்டை வாசல் பக்கம் தயாராக நின்றது. சாயங்காலம் ஏழு மணி பஸ். எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய கட்டடம், இரண்டு வருட வேலை என்று சொன்னான். இங்கே வேலை இல்லாமலா போகிறான்? அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

“அவனைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க, மாப்பிள்ளை,” என்றார் அத்தை.

பொடியன் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தான். கையை நீட்டினால் தொடலாம்.

“பசிக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, மாமா.”

“பசிக்கலையாம், அத்தை.”

“எனக்குக் காது கேக்குது.”

“காது கேக்குதாம்,” என்றேன் பொடியனிடம்.

அவன் சிரிக்கப் பார்த்தான். அத்தை நிமிரவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. ரொட்டியை இரண்டாகப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான்.

பத்தொன்பது நாளாக அத்தை அவனோடு நேராகப் பேசவில்லை. இடையில் நான். தபால் பெட்டி மாதிரி.

*

எல்லாம் அந்த சார்ட்டில் ஆரம்பித்தது.

அத்தை நூல் மில்லில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் ஷிஃப்ட் சூப்பர்வைசர். என் மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று சாயங்காலமே அத்தை ஒரு முழு சார்ட் பேப்பர் வாங்கி வந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இருபத்துநாலு மணி நேரம், பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு மணி. அம்மா, தம்பி, புருஷன், இரண்டு சித்திகள், மில் சிநேகிதிகள். ஒரு நிமிடம்கூட இடைவெளி இல்லாமல் யாராவது ஒருவர் அவளுக்காகக் கடவுளிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

விதி மில்லின் விதிதான். மாற்று ஆள் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. நம் நேரம் முடிந்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து, “நான் முடிச்சுட்டேன், நீங்க ஆரம்பிங்க” என்று சொல்ல வேண்டும். பிறகு அத்தைக்கு ஒரு மிஸ்டு கால். அத்தை கட்டத்தில் டிக் போடுவார்.

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு பொடியன். இரண்டிலிருந்து நான்கு நான்.

ஐம்பத்து மூன்று நாள் ஓடியது. அறுநூற்றுச் சொச்சம் கட்டங்கள். ஒன்றுகூடக் காலியில்லை. ஐம்பத்து மூன்றாம் நாள் மதியம் இரண்டு நாற்பதுக்கு அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த மில் சிநேகிதி ஒருவர், “நாம கும்பிட்டது போதலை போலிருக்கு” என்று அழுதார். அத்தை அழவில்லை.

“போதலைன்னு இல்ல. எங்கயோ அறுந்திருக்கு,” என்றார்.

எங்கே என்று தேட ஆரம்பித்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நாலு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், இதே மேசையில், பொடியன் உடைந்துபோனான். “நான்தாம்மா. கடைசி நாள் நான் உக்காரலை. படத்துக்குப் போயிட்டேன்.”

அத்தை பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அன்றோடு பேச்சு நின்றது.

என்னிடம் அவர் விசாரிக்கவே இல்லை. அவள் போன அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டு முடித்துவிட்டார்.

“நீங்க உங்க நேரத்துல உக்காந்திருந்தீங்கதானே?”

“இருந்தேன், அத்தை.”

“கடைசியா என்ன சொன்னா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். “கடவுளேன்னு சொன்னா.”

இரண்டும் பொய். அன்று நான் தூங்கிவிட்டேன். முந்தின நாள் முழு ராத்திரியும் ஒரு மாலில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். நர்ஸ் தோளைத் தொட்டுத்தான் எழுப்பினார்.

பொடியனின் டிக்கை அடித்தபோது நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது நாளாகத் திறக்கவில்லை.

*

வேலைக்குக் கிளம்பும்போது பொடியன் மாடிப்படி வரை கூட வந்தான்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியில கொண்டு விட்டுடுவீங்கல்ல, மாமா?”

“விட்டுடறேன்.”

“ஆறுன்னா ஆறு. உங்க கம்பெனி டைம் சொல்லாதீங்க.”

“சரிடா.”

அவன் போகவில்லை. படியின் கைப்பிடிச் சுவரில் பெயர்ந்திருந்த ஒரு டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்தான். உள்ளே வெற்றிடமாக இருந்தால் ஒரு சத்தம் வரும். அவனுக்கு அது தெரியும்.

“ஒண்ணு கேக்கவா? நான் அன்னைக்கு ஒழுங்கா உக்காந்து கும்பிட்டிருந்தா அக்கா இருந்திருப்பாளா?”

“இல்ல.”

“எப்படி அவ்வளவு சட்டுனு சொல்றீங்க?”

“டாக்டர் சொன்னார். ரத்தத்துல ஒண்ணுமே மிச்சம் இல்ல. ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிட்டார்.”

“டாக்டர் ஆயிரம் சொல்வார். அம்மா சொல்றதுதான் எனக்கு நிஜம்னு தோணுது.” தட்டுவதை நிறுத்தினான். “அம்பத்திரண்டு நாள் நான் ஒழுங்கா உக்காந்தேன் தெரியுமா? மண்டி போட்டு. சிமெண்ட் கலவை காஞ்சு போகுதுன்னு மேஸ்திரி கத்துவார், ரெண்டு மணி நேரம் நான் எழுந்திருக்கவே மாட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரே ஒரு நாள் முடியலை. யார்கிட்டயும் எதுவும் கேக்காம இருக்கணும்னு தோணுச்சு. போனேன். அன்னைக்குப் பார்த்து...”

இப்போது சொல்லியிருக்கலாம். நானும் தூங்கினேன்டா என்று இரண்டே சொல். என் செருப்பைப் பார்த்தேன்.

“லேட்டாச்சு,” என்றேன். “சாயங்காலம் பேசலாம்.”

“சாயங்காலம் எங்க பேசறது? வண்டியில காத்துதான் பேசும்.”

இறங்கிப் போனேன். அவன் மறுபடி டைல்ஸைத் தட்டுவது கீழே வரை கேட்டது.

*

எங்கள் கன்ட்ரோல் ரூம் அக்காவின் முகத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். குரலைத் தினமும் கேட்கிறேன். மூன்று இருபதுக்குக் கூப்பிட்டார்.

“எங்கப்பா இருக்க? மார்க்கெட் பின்னாடி ஆறு மாடி ஆபீஸ் கட்டடம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஒரே ஆள். பல் டாக்டராம்.”

“பயப்படறாரா?”

“பயமா? பட்டனை விட்டுக் கையே எடுக்க மாட்டேங்கறார். எனக்குக் காது போச்சு. அவர் பல்லைப் பிடுங்கறவர், என் உசுரைப் பிடுங்கறார். சீக்கிரம் போ.”

ஒன்பது வருடமாக இந்த வேலை. சிக்கிக்கொண்டவர்கள் முதலில் எல்லாப் பட்டனையும் அமுக்குவார்கள். கதவைத் தட்டுவார்கள். கம்பெனியை, கரண்டை, வாட்ச்மேனை, கையில் கிடைத்த எல்லோரையும் திட்டுவார்கள். அதெல்லாம் பத்து நிமிடம். அப்புறம் கும்பிட ஆரம்பிப்பார்கள். வாழ்நாளில் கும்பிடாதவர்களும் கும்பிடுவார்கள். மணி அடித்தது கேட்டுவிட்டது, ஆள் கிளம்பியாயிற்று என்று அக்கா சொன்ன பிறகும் அலாரத்தை விடாமல் அமுக்குவார்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதில்லை. பதில் வந்துவிட்டது அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் அமுக்குவார்கள்.

லிஃப்டைக் கையால் நகர்த்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை விடுவித்துப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தைச் சுற்ற. என் ஜோடி ஆள் ஊரின் மறு கோடியில் இருந்தார். வந்து சேர அரை மணியாகும். அதுவரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. பயப்படாதீங்க என்று சொல்லக் கூடாது. என்ன செய்கிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

நான்காம் மாடியில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“சார், லிஃப்ட் கம்பெனி. வந்துட்டேன். லிஃப்ட் எங்கயும் விழாது. இன்னொரு ஆள் வந்ததும் உங்களை வெளிய எடுத்துடுவோம்.”

“கடவுளே!” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “தம்பி, போயிடாதீங்க.”

“இங்கயேதான் இருக்கேன்.”

“மேல ஒரு அம்மாவை ஊசி போட்டு உக்கார வெச்சுட்டு வந்தேன். வாய் நிறையப் பஞ்சு. கீழ பார்சல் வந்திருக்குன்னாங்க, ரெண்டு நிமிஷம்னு இறங்கினேன். மரப்பு இந்நேரம் விட்டுப் போயிருக்கும். அந்தம்மா என்னைச் சபிச்சுக்கிட்டு இருப்பாங்க.”

“வாயில பஞ்சு இருந்தா எப்படி சார் சபிப்பாங்க?”

“மனசுக்குள்ள! என் நாற்காலியில உக்கார்றவங்க எல்லாரும் மனசுக்குள்ளதான். நான் டிரில்லை எடுத்தா கண்ணை மூடிக்கிட்டு கடவுளைக் கூப்பிடுவாங்க. வேலை செய்யறது நான், கூப்பிடறது அவரை. எத்தனையோ நாள் சிரிச்சிருக்கேன். இப்பப் பாருங்க, அரை மணியா நானே...” மூச்சு வாங்கினார். “வெட்கமா இருக்கு.”

“எல்லாரும் செய்யறதுதான் சார்.”

“நீங்க கும்பிடுவீங்களா?”

“ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும்.”

“அதென்ன, ஷிஃப்டா?”

“ஆமா சார். ஷிஃப்ட்.”

அவர் இன்னும் கேட்டார். பேச்சு நிற்கக் கூடாது என்பது விதி. என்னிடம் வேறு பேச்சு இல்லை. சொன்னேன். சார்ட், பன்னிரண்டு பேர், ஐம்பத்து மூன்று நாள். முதல் வாரம் முயன்று பார்த்ததாகவும், யாரிடம் என்ன வார்த்தையில் கேட்பது என்று பிடிபடாமல், அதன் பிறகு லிஃப்ட் கயிறு பரிசோதனையை மனதுக்குள் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னேன். முதல் கயிறு, இழை அறுந்திருக்கிறதா, துரு இருக்கிறதா, இழுவிசை சரியா. இரண்டாம் கயிறு. ஆறு கயிறு முடிந்தால் மறுபடி முதல் கயிறு. அதைக் கும்பிட்டது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எழுந்து போகவும் இல்லை.

கடைசி நாள் தூங்கியதையும் சொன்னேன். அந்தப் பழியை ஒரு பையன் மூட்டையில் கட்டிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் போகப்போகிறான் என்றும். முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொல்கிறேன், முகம் தெரியாத மனிதர், நடுவில் இரண்டு தகரக் கதவு.

கதவில் தட்டினேன்.

“சார்?”

“தம்பி,” என்றார் கலக்கத்தோடு. “நீங்க இப்பத் தூங்கிட மாட்டீங்களே?”

“மாட்டேன் சார்.”

“எனக்காக அந்தக் கயிறெல்லாம் ஒரு தடவை சொல்லுங்களேன். சத்தமா.”

சொன்னேன். முதல் கயிறு. இரண்டாம் கயிறு. அவர் ஒவ்வொன்றுக்கும் “ம்” போட்டார்.

ஜோடி ஆள் வந்தபோது மணி நாலே கால். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போனோம். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினேன். அவர் பிரேக்கைப் பிடித்தார், நான் சக்கரத்தைச் சுற்றினேன். கயிற்றில் நான்காம் மாடிக்குப் போட்டிருந்த மஞ்சள் குறி நேராக வந்ததும் நிறுத்தினோம். கீழே வந்து முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தேன்.

குள்ளமான, வழுக்கைத் தலை மனிதர். வெள்ளைக் கோட்டு நனைந்திருந்தது. வெளியே காலை வைத்ததும் மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கடவுள்தான் காப்பாத்தினார்!”

என் பக்கம் திரும்பவே இல்லை. படியேறி ஓடினார். இரண்டு மாடிக்கு மேலே ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் குரல் வாயில் பஞ்சோடு கத்துவது கேட்டது.

“நன்றிகூட இல்லையா?” என்றார் ஜோடி ஆள்.

“சொல்லிட்டார். வேற இடத்துல,” என்றேன்.

மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டில் கோளாறு. சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. ரிப்போர்ட்டை ஜோடி ஆளே எழுதியிருப்பார். “நீ போப்பா, நான் எழுதறேன்” என்று இரண்டு முறை சொன்னார். நானே எழுதினேன். நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆறு மணி ஆவதை வாட்ச்சில் பார்த்துக்கொண்டே எழுதினேன்.

*

வீட்டுக்கு வந்தபோது ஆறு இருபது. வாசலில் மூட்டை இல்லை. மேசையில் அவனுடைய வீட்டுச் சாவி இருந்தது.

“ஆறு வரைக்கும் நின்னான்,” என்றார் அத்தை. சார்ட் விரித்தபடி இருந்தது. “அப்புறம் ஆட்டோ பிடிச்சுப் போயிட்டான்.”

“உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?”

“வாசல்ல நின்னு போறேன்மான்னான். நேரா என்கிட்ட.”

“நீங்க?”

அத்தை அந்தச் சாவியை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் இருபது நிமிடம். பிடித்துவிடலாம். பிடித்து என்ன சொல்வது? என் சொல்லுக்கு அவன் திரும்பி வர மாட்டான். வரவைக்கும் வாய் இந்த மேசையில் இருந்தது.

நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன்.

“அத்தை, அன்னைக்கு நான் தூங்கிட்டேன்.”

“என்னைக்கு?”

“கடைசி நாள். நர்ஸ் வந்து தொட்டப்பதான் முழிச்சேன்.”

“இருந்தேன்னு சொன்னீங்க.”

“பொய்.”

“கடவுளேன்னு சொன்னான்னீங்க.”

“அதுவும்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் சார்ட்டில் என் வரிசைக்கு வந்து நின்றது. சூப்பர்வைசர் விரல்.

“மத்த நாள்?”

“உக்காந்தேன். கும்பிடலை. எனக்கு வரலை.”

“அப்ப ரெண்டு மணி நேரம் என்ன பண்ணீங்க?”

“கயிறு எண்ணினேன்.”

“கயிறா?”

“லிஃப்ட் கயிறு.”

மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு இல்லை. “சின்னச் சித்தி என்ன பண்ணுவா தெரியுமா? சீரியல் சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு உக்காருவா. மில்லுக்காரிங்க ரெண்டு பேர் துணி மடிப்பாங்க. ராத்திரி ஷிஃப்ட் போட்டவ அலாரம் வெச்சு எழுந்து எனக்கு மிஸ்டு கால் கொடுத்துட்டு மறுபடி படுத்துக்குவா. எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷம் ஷிஃப்ட் பாத்தவ நான். யார் வேலை செய்யறா, யார் நிக்கறான்னு முதுகைப் பார்த்தே சொல்லிடுவேன்.”

“தெரிஞ்சுமா அவனை மட்டும்...”

“தெரிஞ்சுதான்.”

சார்ட்டின் ஓரம் சுருண்டிருந்தது. அதை நீவி விட்டார். மறுபடி சுருண்டது.

“எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு, மாப்பிள்ளை. ஒத்துக்கற ஆள். அவன் விட்டுட்டான்னா கடவுள் விடலைன்னு அர்த்தம். அவர் கேட்டுக்கிட்டுதான் இருந்தார், நாங்கதான் பாதியில நிறுத்திட்டோம். அப்படின்னா நான் தாங்கிக்குவேன். புள்ளையை என்னைக்காவது ஒரு நாள் மன்னிச்சிடலாம். நான் பெத்தவன். ஆனா எல்லாரும் சரியாவே கேட்டு, அவர் கேட்டுட்டும் சும்மா இருந்தார்னா... நான் யாரைப் போய் மன்னிக்கிறது? சொல்லுங்க.”

சுருண்ட ஓரத்தின் மேல் என் கையை வைத்தேன்.

“இன்னும் கும்பிடறீங்களா, அத்தை?” என்று மட்டும் கேட்டேன்.

“காலையில நாலுல இருந்து ஆறு. என் நேரம்.”

“யாருக்காக?”

“மாத்து ஆள் வரலையே,” என்றார். “எப்படி எழுந்து போறது?”

சுவர்க் கடிகாரத்தில் ஆறு முப்பத்தைந்து. அத்தையும் பார்த்தார்.

“இப்ப நீங்களும் ஒத்துக்கறீங்க,” என்றார். “ஆக ரெண்டு இடத்துல அறுந்திருக்கு. அவ்வளவுதான். அவன் பங்கு குறைஞ்சிடாது.”

“அவன் அன்னைக்கு ரெண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணினான், அத்தை. முடிச்சுட்டேன், ஆரம்பிங்கன்னு. பின்னாடி படச் சத்தம் கேட்டுச்சு. சண்டை சீன். அவன் தியேட்டர் வராந்தாவில நிக்கறான்னு எனக்கு அப்பவே தெரியும்.”

அத்தையின் விரல் சார்ட்டிலிருந்து எடுபட்டது.

“அவ முழிச்சிருந்தாளா?”

“இருந்தா. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவளும் கேட்டா.”

“கேட்டுட்டு?”

“சிரிச்சா.”

“சிரிச்சாளா?” நாற்காலியை முன்னால் இழுத்தார். “எப்படி? சத்தம் வந்துச்சா?”

“சத்தம் வரலை. தோள் குலுங்குச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம். இருமல் வர்ற வரைக்கும்.”

அத்தை இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவில் யாரோ வண்டியைத் திரும்பத் திரும்ப உதைத்து ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

“ஒரு தடவை பொய் சொன்னவரு நீங்க,” என்றார். “இப்பவும் எனக்காகச் சொல்லாதீங்க. அவனுக்காகவும் சொல்லாதீங்க. அப்புறம் என்ன சொன்னா? நிஜமா, கடைசியா, அவ வாயில இருந்து வந்தது என்ன?”

சொன்னேன்.

“பாவம்டா அவன், பார்க்கட்டும். படம் முடியற வரைக்கும் அவனுக்குப் போன் பண்ணாதே.”